ரிட்டயர் ஆனா எந்த நாட்டுல செட்டில் ஆகலாம்? எஸ்ஐபி போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

போன மாசம் திசையன்விளையில ஒரு கல்யாண வீடு. சாப்பிட்டு முடிச்சு, பந்தலுக்கு வெளியே சேர் போட்டு உட்கார்ந்திருந்தோம். பெங்களூர்ல ஐடி வேலை பார்க்கிற சித்தப்பா பையன், 28 வயசு, பக்கத்துல வந்து கேட்டான்: "அண்ணே, ரிட்டயர் ஆனதும் மலேசியாவுல செட்டில் ஆகிடலாம்னு இருக்கேன். மாசம் எவ்வளவு எஸ்ஐபி போடணும்?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பெரியப்பா சிரிச்சிட்டாரு. "ஏல, நான் 26 வருஷம் துபாய்ல இருந்தேன். வேலை முடிஞ்சிது, விசாவும் முடிஞ்சிட்டு. பெட்டியக் கட்டிட்டு வந்துட்டேன். ஒரு நாட்டுல இருக்கதுக்கு காசு மட்டும் போதும்னு நெனைக்கியா?"

அவர் சொன்னதுதான் விஷயம். "குறைஞ்ச செலவுல ராஜ வாழ்க்கை, டாப் 10 நாடுகள்" மாதிரி லிஸ்ட்ல வீட்டு வாடகை இருக்கும், காபி விலை இருக்கும், பீச் போட்டோ இருக்கும். ஆனா முடிவு பண்ற மூணு கேள்வி அதுல இருக்காது. அந்த மூணையும் இன்னைக்குப் பார்த்துடலாம்.

கேள்வி 1: இருக்க விடுவாங்களா?

சுற்றிப் பார்க்கிற விசா வேற, வயசான காலத்துல தங்குற விசா வேற. நம்ம ஆட்கள் அதிகம் கேக்குற நாடுகளை எடுத்துக்குவோம். கணக்குக்கு ஒரு டாலர் 90 ரூபாய்னு வச்சுக்கிறேன்.

இலங்கை: "மை ட்ரீம் ஹோம்"னே ஒரு விசா இருக்கு. 55 வயசு ஆகியிருக்கணும். 15,000 டாலர் அங்க டெபாசிட். அதுக்கு மேல மாசாமாசம் உங்களுக்கு 1,500 டாலர், மனைவிக்கு 750 டாலர் வெளிநாட்டுல இருந்து உள்ள வரணும். மொத்தம் 2,250 டாலர், அதாவது மாசம் ₹2,02,500.

தாய்லாந்து: 50 வயசு. பேங்க்ல 8 லட்சம் பாத், இல்லைன்னா மாசம் 65,000 பாத் வருமானம். ஒரு பாத் 2.7 ரூபாய்னு வச்சா டெபாசிட் சுமார் ₹21.6 லட்சம். கேக்க நல்லா இருக்கும். ஆனா வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

மலேசியா: "மலேசியா மை செகண்ட் ஹோம்" திட்டம். 2024 விதிப்படி, சில்வர் பிரிவுக்கே 1,50,000 டாலர் டெபாசிட். அது ₹1.35 கோடி. கூடவே குறைஞ்சது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்கணும், அது இன்னொரு ஒண்ணே கால் கோடி கிட்ட வரும். இவ்வளவும் கொடுத்தா கிடைக்கிறது 5 வருஷ விசா.

ஐக்கிய அரபு அமீரகம்: பெரியப்பா காலத்துல இல்லாத ரிட்டயர்மென்ட் விசா இப்போ இருக்கு. 55 வயசு, 10 லட்சம் திர்ஹாம் சேமிப்பு அல்லது அதே மதிப்புக்கு சொத்து அல்லது அவங்க நிர்ணயிச்ச மாச வருமானம். 10 லட்சம் திர்ஹாம்னா சுமார் ₹2.45 கோடி. இதுவும் 5 வருஷம்தான்.

சிங்கப்பூர்: ரிட்டயர் ஆனவங்களுக்குன்னு தனி விசாவே கிடையாது.

இந்தத் தொகையெல்லாம் உங்க 58 வயசு வரைக்கும் இப்படியே இருக்காது. மலேசியாவையே பாருங்க. 2021-க்கு முன்னாடி மாசம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் காட்டினா போதும். 2021-ல அதை 40,000 ஆக்கினாங்க. 2024-ல மொத்த அமைப்பையே மாத்திட்டாங்க. 28 வயசுல ஒரு நாட்டைக் குறிவச்சு 30 வருஷம் சேமிக்கிறவர், மூணே வருஷத்துல ரெண்டு தடவை மாறின விதியை நம்பி சேமிக்கிறாரு.

விதி மாறினா என்ன ஆகும்னு நம்ம தமிழ்நாட்டுக்குத் தெரியாதது இல்ல. பர்மாவுல தலைமுறையா கடை வச்சிருந்தவங்க, 1960-கள்ல ராணுவ ஆட்சி கடைகளைத் தேசியமயமாக்கி, 1964-ல பெரிய நோட்டுகளையும் செல்லாதுன்னு அறிவிச்சப்போ, வெறுங்கையோட கப்பல் ஏறினாங்க. பல ஊர்ல இருக்கிற "பர்மா காலனி" அவங்க வந்து இறங்கின இடம்தான். இன்னைக்கு எந்த நாடும் அப்படிச் செய்யும்னு சொல்லல. குடியுரிமை இல்லாத நாட்டுல நீங்க விருந்தாளிதான், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி 2: பணம் போய்ச் சேருமா, போதுமா?

இதுதான் என் தொழில், அதனால இங்க கொஞ்சம் நிதானமா போவோம்.

முதல்ல பணம் அனுப்புறது. இந்தியாவுல வசிக்கிற ஒருத்தர் ரிசர்வ் வங்கியோட எல்ஆர்எஸ் திட்டத்துல ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனா வருஷத்துக்கு ₹10 லட்சத்தைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு 20% டிசிஎஸ் (கம்பெனி இல்லப்பா, பணம் அனுப்பும்போதே பேங்க் பிடிக்கிற வரி). மலேசிய டெபாசிட் ₹1.35 கோடியை இங்க இருந்தே ஒரே வருஷத்துல அனுப்பினா, ₹1.25 கோடிக்கு 20%, அதாவது ₹25 லட்சம் பிடிச்சுடுவாங்க. இது நஷ்டம் இல்ல. ரிட்டர்ன் போடும்போது வரியில கழிச்சுக்கலாம், மீதி ரீஃபண்ட் வரும். ஆனா அதுவரைக்கும் அந்த ₹25 லட்சம் உங்க கையில இருக்காது. ரிட்டயர் ஆன நேரத்துல இதைத் தெரியாம போய் மாட்டிக்கக் கூடாது.

ரெண்டாவது, நிரந்தரமா போயிட்டா நீங்க என்ஆர்ஐ. உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓ ஆக மாத்தணும். அதுல வர்ற வட்டிக்கு 30% டிடிஎஸ், மேல செஸ். பிபிஎஃப் கணக்கை முதிர்வு வரை வச்சிருக்கலாம், அதுக்கு மேல நீட்டிக்க முடியாது. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல புதுசா கணக்கு தொடங்க முடியாது.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. புது வரி முறையில ₹12 லட்சம் வரை வரி இல்லைன்னு கேட்டிருப்பீங்க. அது தள்ளுபடி மூலமா வர்ற சலுகை, இந்தியாவுல வசிக்கிறவங்களுக்கு மட்டும். என்ஆர்ஐ-க்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. இந்தியாவுல இருந்து வர்ற அதே ₹12 லட்சம் வட்டி வருமானத்துக்கு ஸ்லாப்படி ₹60,000, செஸ் சேர்த்து ₹62,400 வரி. ஊர்ல உட்கார்ந்திருந்தா பூஜ்யம். போற நாட்டோட இரட்டை வரி ஒப்பந்தம் என்ன சொல்லுதுன்னு தனியா பார்க்கணும். போற நாட்டோட விதியும் மாறும். வெளிநாட்டுல சம்பாதிச்சதை உள்ள கொண்டு வந்தா வரின்னு தாய்லாந்து 2024 ஜனவரியில இருந்து இறுக்கிப் பிடிச்சிருக்கு.

மூணாவது ரூபாய் மதிப்பு. 2005-ல ஒரு டாலர் சுமார் 44 ரூபாய். 2025-ல 85-ஐத் தாண்டியாச்சு. 20 வருஷத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதாவது வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல. இனியும் வருஷத்துக்கு 3% தேயும்னு வச்சா, 30 வருஷம் கழிச்சு 90 ரூபாய் டாலர் 218 ரூபாய் ஆகும். இலங்கை தன் விதியை ஒரு டாலர் கூட ஏத்தலைன்னாலும், அந்த 2,250 டாலருக்கு மாசம் ₹4.9 லட்சம் வேணும். வருஷத்துக்கு ₹59 லட்சம். நீங்க சேமிக்கிறது ரூபாயில, செலவு பண்ணப் போறது டாலர்ல. அந்த இடைவெளியை உங்க எஸ்ஐபிதான் தாங்கணும்.

"இலங்கை ரூபாயும் விழுமே, அப்போ நமக்கு லாபம்தானே?"ன்னு தம்பி கேட்டான். சரியான கேள்வி. 2022-ல டாலர் 200 இலங்கை ரூபாயில இருந்து ரெண்டு மூணு மாசத்துல 360 ஆச்சு. டாலர் வச்சிருந்தவங்க கணக்குல லாபம்தான். ஆனா பெட்ரோலுக்கு க்யூ, கேஸுக்கு க்யூ, ஆஸ்பத்திரியில மருந்து தட்டுப்பாடு. 70 வயசுல கையில டாலர் இருந்து கடையில மாத்திரை இல்லைன்னா என்ன செய்வீங்க?

கேள்வி 3: உடம்புக்கு முடியலைன்னா யாரு வருவா?

இங்க எடுக்கிற சாதாரண ஹெல்த் பாலிசி பெரும்பாலும் இந்தியாவுல எடுக்கிற சிகிச்சைக்குத்தான். வெளிநாட்டுல குடியேறினா அங்க புதுசா எடுக்கணும், அதுவும் 60 வயசுக்கு மேல, சுகர், பிரஷர் எல்லாம் எழுதிக் கொடுத்து. அந்த பிரீமியத்தை உங்க மாசச் செலவுல சேர்க்காம போடுற கணக்கு எதுவும் கணக்கே இல்ல.

பிரீமியத்தைக் கூட சமாளிச்சிடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா, டாக்டர்கிட்ட எந்த மொழியில சொல்வீங்க? ஃபார்ம்ல கையெழுத்து யாரு போடுவா? தம்பதியா போனவங்கள்ல ஒருத்தர் போய்ட்டா, இன்னொருத்தர் அங்க தனியா இருப்பாங்களா?

அப்போ ஆசையே படக்கூடாதா?

தாராளமா படுங்க. 28 வயசுல நாட்டை முடிவு பண்ணாதீங்கன்னுதான் சொல்றேன். இப்படிப் பண்ணுங்க:

1. முதல் இலக்கு உள்ளூர் ரிட்டயர்மென்ட். இன்னைக்கு மாசம் ₹50,000 செலவு, 6% விலைவாசியில 30 வருஷம் கழிச்சு ₹2.87 லட்சம். இதுக்குத் தேவையான தொகைதான் அஸ்திவாரம். பிஎஃப், என்பிஎஸ், எஸ்ஐபி எல்லாம் முதல்ல இங்க.

2. வெளிநாட்டு ஆசைக்குத் தனியா ஒரு உண்டியல். அதுல ஒரு பகுதி வெளிநாட்டுப் பங்குகள்ல முதலீடு பண்ற ஃபண்டுல இருக்கட்டும். ரூபாய் விழுந்தா அது ஈடு கொடுக்கும். ஆசை மாறினாலும் பணம் உங்களோடதுதான்.

3. 45 வயசுக்கு மேல ஒத்திகை பாருங்க. ஹோட்டல் வேண்டாம். ஒரு மாசம் வாடகை வீடு, அதுவும் மழைக்காலத்துல. காய்கறி வாங்குங்க, கிளினிக் போங்க, பேங்க்ல க்யூவுல நில்லுங்க. பலருக்கு அங்கேயே பதில் கிடைச்சிடும்.

4. 50 வயசுல அன்னைய விதியைப் பார்த்து முடிவு எடுங்க. நான் மேல சொன்ன தொகைகளையும் அப்போ அந்தந்த நாட்டு இமிக்ரேஷன் துறையில திரும்ப சரிபாருங்க.

5. ஊர் வீட்டை வித்துட்டுப் போகாதீங்க. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்கன்னு கூட இருக்கலாம். ஒரு வருஷத்துல 182 நாளோ அதுக்கு மேலயோ இந்தியாவுல இருந்தா வருமான வரிக்கு நீங்க இங்க வசிக்கிறவர்தான், அந்தத் தள்ளுபடியும் கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு. இதே மூணு கேள்வியை நம்ம ஊருக்கும் போட்டுப் பார்த்தேன். திசையன்விளைக்கு விசா வேண்டாம், பாஸ். சம்பாதிச்ச ரூபாயிலயே செலவு, பாஸ். மூணாவது கேள்விதான் உறுத்துது. பெரிய ஆஸ்பத்திரின்னா பாளையங்கோட்டைக்கோ நாகர்கோவிலுக்கோ கார் எடுக்கணும். அந்தக் காரை ஓட்ட வேண்டிய பிள்ளைங்க சென்னையில, பெங்களூர்ல, மும்பையில, வளைகுடாவுல இருக்கோம்.

தம்பிகிட்ட எஸ்ஐபி தொகையைச் சொல்றதுக்கு முன்னாடி நான் கேட்டது இதுதான்: "உனக்கு 58 ஆகுறதுக்கு இன்னும் 30 வருஷம் இருக்கு. உங்க அப்பாவுக்கு ஏற்கனவே 58. அவருக்கு ஹெல்த் பாலிசி எடுத்துட்டியா?"

எடுக்கலையாம். உங்க வீட்டுல எப்படி? நாட்டைத் தேடுறதுக்கு முன்னாடி, இந்த வாரம் அதை முடிச்சிடுங்க.