சீலைக்கு ஒரு ஊசி, ஜீன்ஸுக்கு இன்னொரு ஊசி

பொங்கலுக்கோ நடன நிகழ்ச்சிக்கோ மகளுக்குப் பட்டுப் பாவாடை தைக்க வேணும். அம்மம்மாவின் காஞ்சிபுரம் சீலை அலுமாரியில் சும்மா கிடக்கிறது. 'அதை வெட்டித் தைச்சால் என்ன?' என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். டோர்வல் என்ன, ரொறொன்ரோ என்ன, எங்கட வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது.

வெட்டும்போது எல்லாருக்கும் பயம் இருக்கும், பத்துத் தரம் அளந்து பார்ப்போம். ஊசியைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. மெசினில் ஏற்கெனவே இருக்கிற ஊசியோடயே தைக்கத் தொடங்கிவிடுவோம். பருத்தியில் ஊசி போட்ட ஓட்டை ஒருதரம் கழுவினால் பெரும்பாலும் மறைந்துவிடும். பட்டில் மறையாது. பிரித்துத் திரும்பத் தைத்தாலும் பழைய ஓட்டை வரிசை அப்படியே தெரியும். திரும்ப வாங்க முடியாத ஒரு சீலையில் இது சின்ன விசயம் இல்லை.

அம்மாவின் தகரப் பெட்டி

மொன்றியல் நெடுங்காலம் கனடாவின் உடுப்புத் தயாரிப்பு நகரமாக இருந்தது. சாபனெல் வீதித் தொழிற்சாலைகளை எங்கட பெற்றோரின் தலைமுறைக்குத் தெரியும். 80, 90களில் வந்த அம்மாமாரில் சிலர் இந்த நகரத்தில் தையல் வேலை செய்துதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்படியான வீடுகளில் பழைய ஊசிகள் நிறைந்த ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதிலிருந்து எடுக்க முன்னம் ஒன்றைக் கவனியுங்கள்.

தொழிற்சாலை மெசின் ஊசியின் மேல்பகுதி பொதுவாக முழு உருளையாக இருக்கும். வீட்டு மெசின் ஊசியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் ஊசியின் உயரமும் நிலையும் மாறி, கீழே உள்ள கொக்கி நூலைப் பிடிக்காது. வீட்டு மெசினுக்கான ஊசிப் பெட்டியில் 130/705 எச் அல்லது 15×1 என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒரே வகைதான். பழைய சிங்கர் மெசின்கள் பலவற்றுக்கும், போன வருசம் வாங்கிய கம்ப்யூட்டர் மெசினுக்கும் இதே ஊசி பொருந்தும். மென்பொருள் துறையில் இருக்கிற எனக்கு இது பொறாமையாகவே இருக்கிறது. நாங்கள் எழுதுகிற எதுவும் இவ்வளவு காலம் பொருந்தி நிற்பதில்லை!

கண் நுனிப் பக்கம் இருக்கிற ஊசிக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்த தையல் மெசின் 1846இல் வந்தது. ஐசக் சிங்கரின் காப்புரிமை 1851இல். 1877இலேயே சிங்கர் இலங்கைக்கு வந்துவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட்-ஜான்-சூர்-ரிஷலியூவில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1986இல்தான் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்து விறாந்தையில் ஓடிய மெசினும் கியூபெக்கில் செய்த மெசினும் ஒரே குடும்பம்தான்.

எண் என்ன சொல்கிறது?

பெட்டியில் 80/12 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஐரோப்பிய முறை. ஊசித் தண்டின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து 100ஆல் பெருக்கியது. ஆக 80 என்றால் 0.8 மில்லிமீற்றர். இரண்டாவது எண் அமெரிக்க முறை. எண் கூடினால் ஊசி தடிக்கும். மெல்லிய துணிக்கு 60, 70. நடுத்தரத் துணிக்கு 80. தடித்த துணிக்கு 90, 100.

நூலும் ஊசிக்கண்ணுக்குப் பொருந்த வேணும். ஊசியில் நூலைக் கோர்த்து, நூலைச் சரிவாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் சரி. சிக்கி நின்றால் ஒரு எண் பெரிய ஊசி வேணும்.

முனைதான் முக்கியம்

எண்ணை விட முனையைத்தான் பலர் கவனிப்பதில்லை. நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கூரான முனை அவற்றைச் சுத்தமாகத் துளைக்கும். ரீசேர்ட் போன்ற பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாக இருக்கும். அதில் கூர் முனை வளையத்தையே அறுத்துவிடும். இரண்டு தரம் கழுவிய பிறகு தையல் ஓரம் சின்னச் சின்ன ஓட்டையாகத் தெரிவது இதனால்தான். பின்னல் துணிக்கு உருண்ட முனை ஊசி. அது வளையங்களை விலக்கிக்கொண்டு இறங்கும்.

வீட்டில் அடிக்கடி வரும் துணிகளுக்கு ஒரு கணக்கு:

பருத்திச் சட்டை, பள்ளிச் சீருடை: யுனிவர்சல் 80.

ரீசேர்ட், போலார் ஃபிளீஸ்: ஜெர்சி அல்லது 'போல் பொயின்ட்' ஊசி, துணியின் தடிப்பைப் பார்த்து 80 அல்லது 90.

லெகிங்ஸ், நீச்சல் உடை, நடனப் பயிற்சிக்குப் போடும் இழுபடும் உடுப்பு: ஸ்ட்ரெச் 75. இங்கே தையல் விட்டுவிட்டு விழுந்தால் மெசினைக் குறை சொல்லாதீர்கள். துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்புவதால் நூல் வளையம் சரியாக உருவாகாது. ஸ்ட்ரெச் ஊசி அதற்காகவே செய்யப்பட்டது.

ஜீன்ஸ் கால் மடிக்க: ஜீன்ஸ் ஊசி, 90 அல்லது 100.

ஜோர்ஜெட், ஷிஃபான், மெல்லிய பட்டு: மைக்ரோடெக்ஸ் 60 அல்லது 70.

ஸ்னோ பேண்ட், மழைக் கோட்: மைக்ரோடெக்ஸ் 70 அல்லது 80. ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் போகும் வழி. குண்டூசி குத்தாமல் கிளிப் போடுங்கள்.

உண்மையான தோல்: தோல் ஊசி மட்டும். அதன் முனை கத்தி மாதிரி வெட்டும் என்பதால் துணிக்கு ஆகாது.

ஷ்மெட்ஸ் ஊசியில் நிறக் கோடு இருக்கும்: ஜெர்சிக்கு ஒரேஞ்ச், ஸ்ட்ரெச்சுக்கு மஞ்சள், ஜீன்ஸுக்கு நீலம், மைக்ரோடெக்ஸுக்கு ஊதா. சிங்கரின் நிறங்கள் வேறு. அதனால் ஊசிகளை அந்தந்தப் பெட்டியிலேயே வையுங்கள்.

எப்ப மாற்றுவது?

ஏறக்குறைய எட்டு மணி நேரம் தைத்த பிறகு ஊசியை மாற்றுவது நல்லது. 'டக் டக்' என்று சத்தம் மாறினால், நூல் அறுந்தால், துணியில் இழை இழுபட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். வேலையில் ஒரு கோளாறு வந்தால் சுலபமாக மாற்றக்கூடியதைத்தான் முதலில் மாற்றிப் பார்ப்போம். இங்கே அது ஊசி. நூல் இறுக்கத்தைத் திருகுவதும் மெசினைக் கடைக்குத் தூக்குவதும் அதற்குப் பிறகு.

தைக்கும்போது துணியைப் பின்னால் இழுக்காதீர்கள். ஊசி வளைந்து தகட்டில் அடித்து உடையும். துண்டு முகத்துக்குத் தெறிக்கலாம், பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் இன்னும் கவனம். பழைய ஊசிகளை ஒரு மருந்துப் போத்தலில் போட்டு இறுக்கி மூடி வையுங்கள்.

இனி அந்தச் சீலை

முதலில் சீலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருசக் கணக்காக மடித்து வைத்த இடங்களில் பட்டு நைந்திருக்கும். அந்த மடிப்புகளில் தையல் வரக்கூடாது. உடுத்தும்போது உள்ளே செருகும் முனையில் ஒரு துண்டு எடுத்து, புது மைக்ரோடெக்ஸ் 70, மெல்லிய நூல், 2 முதல் 2.5 மில்லிமீற்றர் தையல் நீளம் வைத்துத் தைத்துப் பாருங்கள். குண்டூசி குத்துவதென்றால் தையலுக்கு வெளியே உள்ள ஓரத்தில் மட்டும். சரிகைக் கரைக்கு 80. சரிகையில் உலோகம் இருப்பதால் ஊசி கெதியில் மழுங்கும். கரை தைத்த ஊசியோடு திரும்பவும் பட்டுக்குப் போகாதீர்கள்.

பரீட்சைத் துண்டில் இழை இழுபட்டால் ஊசியை மாற்றித் திரும்பப் பாருங்கள். புது ஊசியிலும் பட்டு கிழிந்தால், அந்தச் சீலையை மெசினில் போடாமல் விடுவதே நல்லது. பாவாடைக்கு வேறு துணி வாங்கலாம். அம்மம்மாவின் சீலையை மகள் ஒருநாள் உடுத்தட்டும்.