சாடியது படத்தையா, மனிதனையா?

திரைப்பட விமர்சனம் என்றால் நன்று, தீது என்று தீர்ப்புக் கூறுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படி எழுதப்பட்டவை ஆயிரமாயிரம் மறுவாரமே பொட்டலம் மடிக்கப் போய்விட்டன. ஆனால், 1961 ஜூன் திங்களில் பாரிசின் 'காயே டு சினிமா' ஏட்டில் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை மட்டும் இன்னும் சாகவில்லை. எழுதியவர் ஜாக் ரிவெத். தலைப்பு, 'இழிவைப் பற்றி' என்று பொருள்படுவது. தலைப்பிலேயே சாட்டை சுழல்கிறது, பார்த்தீர்களா!

அடிபட்ட படம் 'காப்போ'. இத்தாலியரான ஜில்லோ பொந்தெகோர்வோ 1960இல் எடுத்தது. நாஜிகளின் வதைமுகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஒரு யூதப் பெண், உயிர் பிழைக்க வேண்டிச் சக கைதிகளையே அடக்கியாளும் கங்காணியாக மாறுகிறாள். அதுதான் கதை. எடுத்தவர் பணப்பை நிரப்ப வந்த வணிகரா? அல்லர். அவரே யூதர். முசோலினியின் ஆட்சிக் காலத்திலேயே, 1941இல், கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தவர். பாசிச எதிர்ப்புப் போரில் தலைமறைவாக நின்று பணியாற்றியவர். ஹங்கேரி நிகழ்ச்சிக்குப் பின் 1956இல் கட்சியைவிட்டு விலகியவர். இப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் ரிவெத் "இழிவு" என்றார்!

எதற்காக? ஒரே ஒரு காட்சிக்காக. எம்மனுவேல் ரிவா ஏற்ற பாத்திரம், மின்சாரம் பாயும் முள்வேலியின்மீது பாய்ந்து உயிரை விடுகிறது. அப்போது காமிரா மெல்ல முன்னே நகர்ந்து, அந்த உடலைக் கீழிருந்து மேல்நோக்கி, கை ஒரு மூலையில் அழகாகப் பொருந்தும்படி சட்டமிட்டுக் கொள்கிறது. சில விநாடிகளே. அந்த வேளையில் அப்படிக் காமிராவை நகர்த்தத் துணிந்த மனிதன் மிக ஆழ்ந்த வெறுப்புக்கே உரியவன் என்று எழுதினார் ரிவெத்.

அந்த வாசகத்தின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். முதலில் "பாருங்கள்" என்று நம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்சியின் முன் நிறுத்துகிறார். அடுத்து, காமிரா போன போக்கைத் தச்சன் அளவுகோல் வைத்துச் சொல்வதுபோல் சொல்கிறார். கையின் இடத்தைக்கூட விடவில்லை. வசைமொழி எதுவும் இதுவரை இல்லை. வாசகன் "ஆமாம், அப்படித்தான் இருக்கிறது" என்று தலையசைக்கும் நேரம் பார்த்துத் தீர்ப்பு இறங்குகிறது. இறங்குவது படத்தின்மீதல்ல, மனிதன்மீது! செயலிலிருந்து செய்தவனுக்கு ஒரே தாவல். இடையில் அவன் யார், முன்பு என்ன செய்தான், என்ன நோக்கத்தோடு எடுத்தான் என்ற விசாரணை கிடையாது.

வெறும் கோபம்தானா அது? இல்லை. கோபத்துக்குப் பின்னால் வாதம் இருக்கிறது, வலுவான வாதம். முகாமின் கொடுமையைப் பார்ப்பவன் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மெருகிட்டுக் காட்டினால், "கொடுமைதான், ஆனாலும் சகிக்க முடியாததல்ல" என்ற எண்ணத்தோடு அவன் வீடு திரும்புவான். நாளாவட்டத்தில் பழகியும் போவான் என்கிறார் ரிவெத். சாவை எடுக்கப் போகிறவன் நடுக்கத்தோடு போக வேண்டும் என்கிறார். அலேன் ரெனே 1956இல் வெளியிட்ட 'இரவும் மூடுபனியும்' படத்தை எதிரே நிறுத்துகிறார். அரைமணி நேரப் படம். பிணக்குவியல்களையே காட்டிய படம். ஆனால் அழகுக்காக ஒரு சட்டமும் தேடாத படம் என்பது அவர் கட்சி. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் அந்தக் கட்டுரை திட்டாகவே நின்றிருக்கும்.

வாதத்தை நாம் ஏற்கிறோம். துயரத்துக்குப் பொட்டும் பூவும் வைத்து விற்பவரை எந்த நாட்டிலும் கண்டிக்க வேண்டியதுதான். தாவலைத்தான் ஏற்க இயலவில்லை. சில விநாடி நகர்வைக் கொண்டு ஒருவரது நெஞ்சையே அளந்துவிட முடியுமா? காட்சி தவறு என்று சொல்வதற்குச் சான்று திரையில் இருக்கிறது. மனிதன் இழிந்தவன் என்பதற்குச் சான்று எங்கே? ஆனால் ஒன்று: "அந்த நகர்வு பொருத்தமாக இல்லை" என்று ரிவெத் பதமாக எழுதியிருந்தால் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அந்தத் தொனிதான் கட்டுரையை வாழவைத்தது. பொந்தெகோர்வோவுக்கு அநியாயம் செய்ததும் அதே தொனிதான்.

தொனியின் வேகம் எவ்வளவு தூரம் ஓடியது தெரியுமா? செர்ழ் டானே என்ற புகழ்பெற்ற விமர்சகர் இளம் வயதில் அதைப் படித்தார். அந்தக் காட்சியின் இழிவை உடனே உணராதவரோடு தமக்கு உறவில்லை என்னும் அளவுக்கு அதைக் கொள்கையாக்கிக் கொண்டார். 1992இல் அதைப் பற்றி நீண்ட கட்டுரை தீட்டியபோது, 'காப்போ' படத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று அவரே எழுதினார்! பார்க்காத படத்தின்மேல் முப்பது ஆண்டு வெறுப்பு. படிப்பவன் கண்ணையே தேவையற்றதாக்கிவிடும் எழுத்தை வெற்றி என்பதா, விபத்து என்பதா?

1966இல் பொந்தெகோர்வோவின் 'அல்ஜியர்ஸ் போர்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. பிரான்சிலோ பல ஆண்டு திரைக்கு வர முடியவில்லை. அதே ஆண்டில் ரிவெத் எடுத்த 'கன்னியாஸ்திரி' படத்தையும் பிரெஞ்சு அரசு தடை செய்தது. குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒரே கத்தரியின் கீழ்!

அந்த அல்ஜீரியப் படத்திலும் சித்திரவதைக் காட்சிகள் உண்டு. அங்கே பேச்சை அகற்றிவிட்டு, தேவாலய இசை போன்ற ஒன்றை ஓடவிட்டார் பொந்தெகோர்வோ. அது துயரத்துக்குச் செய்த மரியாதையா, மீண்டும் ஒரு மெருகா? படம் கிடைக்கிறது, கட்டுரையும் கிடைக்கிறது. முதலில் படத்தைப் பாருங்கள்.