பாலின் கொழுப்பை அளக்குங் கருவிகளும் சர்வகலாசாலை ஆராய்ச்சியும்

பால் ஊற்றும் குடியானவருக்குக் கிடைக்க வேண்டிய விலையை இக்காலத்தில் நிர்ணயிப்பது ஒரு சிறு பெட்டியாகும். பால் சேகரிப்பு நிலையத்தில் மின்சாரத் தராசுடனும் கணினியுடனும் இணைக்கப்பட்டுள்ள அப்பெட்டி, சிறிதளவு பாலை உறிஞ்சிக்கொண்டு, ஒரு நிமிஷ அளவிற்குள் கொழுப்பு இவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் இவ்வளவு என்று காட்டிவிடுகிறது. அவ்வெண்கள் ரசீதில் அச்சாகின்றன. பல இடங்களில் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகவும், ஒன்றியத்தின் தலைமை நிலையத்துக்கு நேரே கணக்காகவும் சென்று சேர்கின்றன. இவ்வசதியைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது, பிழை நேர்ந்தால் எதைக்கொண்டு திருத்துவது என்பவற்றை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

நாளொன்றுக்கு 10 கிலோ பால் ஊற்றுபவரின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 0.3 பங்கு குறைவாகக் காட்டப்படுமாயின், தினம் 30 கிராம் கொழுப்புக்கு விலை கிடையாது. வருஷம் முழுவதும் இவ்வாறே நடந்தால் ஏறக்குறைய 11 கிலோ கொழுப்பு, அதாவது பல மாதத்து நெய், கணக்கில் வராமலே போய்விடும். மிகையாகக் காட்டினாலோ நஷ்டம் சங்கத்தினுடையது.

இவ்விஷயத்தில் முதல் வழியைக் காட்டியது அமெரிக்காவிலுள்ள விஸ்கான்ஸின் சர்வகலாசாலை. அங்கும் முற்காலத்தில் எடையைக்கொண்டே பாலுக்கு விலை கொடுத்து வந்தனர். நல்ல பசுவை வளர்த்தவருக்கும், ஏட்டை எடுத்துவிட்டோ தண்ணீரைச் சேர்த்தோ கொண்டுவந்தவருக்கும் விலை ஒன்றே. இவ்வநீதியைத் தீர்க்கும் பொருட்டு அச்சர்வகலாசாலையின் விவசாய ரசாயன ஆசிரியர் ஸ்டீபன் பாப்காக் என்பவர் 1890ஆம் வருஷத்தில் ஒரு பரீக்ஷையை வெளியிட்டார். 17.6 கன சென்டிமீட்டர் பாலை நீண்ட கழுத்துள்ள ஒரு கண்ணாடிக் குப்பியிலிட்டு, ஏறத்தாழ அதே அளவு கந்தகத் திராவகத்தைச் சேர்த்தால், திராவகம் பாலின் புரதத்தைக் கரைத்துக் கொழுப்பை விடுவிக்கும். குப்பியை யந்திரத்திலிட்டு வேகமாகச் சுழற்றி, வெந்நீர் வார்த்து மீண்டும் சுழற்றினால், கொழுப்பு மேலே கழுத்துக்குள் ஏறி நிற்கும். கழுத்திலுள்ள கோடுகளைப் பார்த்தவுடன் நூற்றுக்கு எத்தனை என்பது தெரியும். 0.2 கன சென்டிமீட்டர் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்காகக் கொள்ளப்படும். கணக்குப் போட வேண்டிய சிரமமே இல்லை. பால் கொண்டுவந்தவரும் வாங்குபவரும் ஒரே குப்பியை ஒரே வெளிச்சத்தில் பார்க்கலாம் என்பதே இப்பரீக்ஷையின் தனிச்சிறப்பு என்பது என் அபிப்பிராயம்.

பாப்காக் இதற்குப் பேடெண்டு உரிமை பெறவில்லை. எவரும் குப்பி செய்யலாம், எவரும் விற்கலாம் என்று உலகத்துக்கே விட்டுவிட்டார். அதே வருஷத்தில் அங்கே தொடங்கிய பால்பண்ணைப் பாடசாலை, குடியானவர்களின் பிள்ளைகளுக்குப் பால்தொழிலைக் கற்பித்தது. மறு வருஷம், 1891இல், ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரசாயன நிபுணர் நிக்லாஸ் கெர்பர் என்பவர் இதையொத்த வேறொரு முறையை வெளியிட்டார். நம் நாட்டுப் பால் நிலையங்களில் வெகுகாலமாக வழங்கி வருவது கெர்பரின் முறையே.

அதே விஸ்கான்ஸினில் பின்னர் வந்த ஹாரி ஸ்டீன்பாக் வேறு வழியைக் கைக்கொண்டார். உணவுப்பொருள்களின் மீது ஊதாக்கடந்த கதிர்களைப் பாய்ச்சினால், எலும்பு நோயைத் தடுக்கும் டி வைட்டமின் அவற்றில் உண்டாகும் என்று அவர் கண்டறிந்தார். உரிமையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், சர்வகலாசாலையின் பழைய மாணவர்கள் 1925இல் அமைத்த ஓர் ஆராய்ச்சி நிதி ஸ்தாபனத்தின் வசம் ஒப்புவித்தார். கம்பெனிகள் செலுத்திய உரிமத் தொகை மேற்கொண்டு ஆராய்ச்சிகளுக்குச் செலவாயிற்று. ஏற்பாடு சிறந்ததே, எனினும் ஒரு குறையும் உண்டு. அம்மாகாணத்து வெண்ணெய் வியாபாரத்தைக் காக்கும் பொருட்டு, ஏழைகள் வாங்கும் செயற்கை வெண்ணெயில் இம்முறையைப் பயன்படுத்த ஸ்தாபனம் இடந்தரவில்லை. வழக்கு நடந்து 1940களின் நடுவில் அப்பேடெண்டுகள் செல்லாதனவென்று மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. உரிமையைக் கையில் வைத்திருப்பவர் யாருக்குக் கொடுக்கிறார், யாருக்கு மறுக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்க விஷயமாகும். 1980இல் அத்தேச அரசாங்கம் இயற்றிய சட்டமொன்று, சர்க்கார் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைச் சர்வகலாசாலைகளே வைத்துக்கொண்டு தொழிற்சாலைகளுக்கு உரிமம் வழங்கலாம் என்று அனுமதித்தது.

குப்பியிலிருந்து பெட்டிக்கு மாறியதும் ஆராய்ச்சிச்சாலையின் வேலையே. இங்கிலாந்தில் ரீடிங் சர்வகலாசாலையைச் சார்ந்த பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் கூல்டன் என்பவர், பாலினூடே சிவப்புக்கீழ்க் கதிரைச் செலுத்தினால் கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் தனித்தனி அலைநீளங்களில் அதனைக் கவர்ந்துகொள்ளும் என்பதைக்கொண்டு அளக்கும் முறையை வகுத்து, 1964இல் விவரமாக வெளியிட்டார். நியூகாஸில் நகரத்துத் தொழிற்சாலையொன்று அதனைக் கருவியாகச் செய்தது. நம் கிராமங்களிற் காணும் பெட்டிகளிற் பல, கதிருக்குப் பதிலாக, காதுக்கெட்டாத ஒலியைப் பாலில் செலுத்தி அதன் வேகத்தை அளப்பவை. நம் தேசத்திலும் பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம், பாலிற் கலந்த யூரியா, சவர்க்காரம் முதலியவற்றைக் கண்டுபிடிக்குங் கருவியை அமைத்து, அதன் நுட்பத்தைத் தொழிற்சாலைக்கு வழங்கியுள்ளது.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். இப்பெட்டிகளுக்குக் கொழுப்பு இன்னதென்று நேரே தெரியாது. ஒலியின் வேகத்தையோ கதிரின் குறைவையோ மட்டுமே அவை அறியும். இந்த வேகத்துக்கு இத்தனை கொழுப்பு என்ற அட்டவணையை, கெர்பர் முறை போன்ற ரசாயனப் பரீக்ஷையால் அளந்த பாலைக்கொண்டே உள்ளே அமைக்கின்றனர். ஆகவே புதிய கருவிக்குப் பிரமாணம் பழைய குப்பியே. பசும்பாலுக்கு ஓர் அமைப்பும் எருமைப்பாலுக்கு வேறோர் அமைப்பும் உண்டு. மாற்றி வைத்தால் எண்ணும் மாறும். குழாயில் பாலின் படிவு தங்கினாலும், நுரையோடு அளந்தாலும், பால் அதிகக் குளிர்ச்சியாக இருந்தாலும் கணக்குப் பிசகும். தவறிய எண்ணும் சரியான எண்ணைப் போலவே தெளிவாக அச்சாகிறது. கணத்தில் தலைமை நிலையத்துக்கும் போய்விடுகிறது. குப்பியில் கோட்டைக் காட்டி வாதாடின குடியானவருக்கு இங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஆதலால் சங்கத்தின் காரியதரிசிகள் கெர்பர் குப்பிகளைப் பரணில் போட்டுவிடலாகாது. மாதத்தில் சில நாட்களேனும், நன்றாகக் கலக்கிய ஒரே பாலைப் பெட்டியிலும் குப்பியிலும் அளந்து, இரண்டு எண்களையும் அங்கத்தினர் பார்க்கும்படி பலகையில் எழுதி வைப்பது நலம். பெட்டியைக் கடைசியாகத் திருத்தியமைத்த தேதி, திருத்தியவர், அப்போது உபயோகித்த பாலின் கொழுப்பு ஆகியவற்றைக் குறிக்க ஒரு புஸ்தகம் இருக்கட்டும். கருவி வாங்கும் ஒப்பந்தத்தில், திருத்தும் உரிமை சங்கத்துக்கு உண்டா, அன்றிக் கம்பெனியின் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா, தினசரிக் கணக்கின் நகல் சங்கத்தில் தங்குமா என்பவற்றைக் கையெழுத்திடுமுன் கேட்டறிய வேண்டும். தகராறு நேர்ந்தால், அங்கத்தினர் முன்னிலையிலேயே மாதிரிப் பாலை எடுத்து முத்திரையிட்டு, குளிர்ச்சியில் வைத்து ஒன்றியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அன்றே அனுப்புக.

கெர்பர் பரீக்ஷை செய்யும்போது முதலில் திராவகம் 10 கன சென்டிமீட்டர், பிறகு குப்பியின் பக்கமாக மெதுவாகப் பால் 10.75 கன சென்டிமீட்டர், கடைசியில் அமைல் சாராயம் 1 கன சென்டிமீட்டர் என்ற வரிசை மாறலாகாது. திராவகத்தை ஒருபோதும் வாயினால் உறிஞ்சி எடுக்கக் கூடாது; அடைப்பிட்டுக் குலுக்குகையில் குப்பி மிகவும் சுடுமாகையால் துணியைச் சுற்றிப் பிடிக்கவும்.