பாலிடெக்னிக்கா, பிளஸ் டூவா? ஆறு வருடக் கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். மார்க் நன்றாக வந்திருந்தால் ஃபர்ஸ்ட் குரூப். சுமார் என்றால், "பேசாம பாலிடெக்னிக்ல சேத்துடலாம்." மார்க்கைப் பார்த்து வழியை முடிவுசெய்யும் அவசரத்தில் ஒரு சின்னக் கூட்டலை யாரும் போடுவதில்லை.

பிளஸ் டூ 2 வருடம், பி.இ. 4 வருடம், மொத்தம் 6. டிப்ளமோ 3 வருடம், பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தால் இன்னும் 3, அதுவும் 6. சுற்றுவழி என்று ஊர் சொல்வதில் ஒரு வருடம்கூட வீணாவதில்லை.

இந்த வழியில் போனவர்களில் இன்று எல்லோரும் அறிந்த பெயர் ப. வீரமுத்துவேல். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர். விழுப்புரத்து ரயில்வே பள்ளியில் படித்துவிட்டு, அதே ஊரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தார். பிறகுதான் பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம்.

அதற்காக டிப்ளமோ எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

பாலிடெக்னிக்கின் பலம் ஒர்க்‌ஷாப். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை இரும்புப் பட்டையை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜாப்'. கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் முடிந்தது கதை. குறைந்த இரும்பை ஒட்டவைக்க முடியாது, புதுப் பட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பி.இ. சேரும்போது இந்தக் கைப்பழக்கம் கூடவே வருகிறது.

கூட வராதது கணக்கு. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. முதலாண்டு கிடையாது. அந்த ஆண்டின் கணிதத் தாள்களைப் படிக்காமலே மூன்றாம் செமஸ்டரில் 'எம்-3' என்ற அடுத்த கணிதத் தாளின் முன்னால் போய் உட்கார வேண்டும். பல பிரிவுகளில் ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் அங்கேதான். டிப்ளமோ பிள்ளைகள் அதிகம் அரியர் வைக்கும் தாள் எது என்று கேட்டால் பேராசிரியர்கள் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். கணக்கு வரவில்லை என்பதற்காகப் பாலிடெக்னிக்கில் சேர்த்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு இன்னும் கடுமையாகத் திரும்பி வருகிறது.

மூடும் கதவுகளும் உண்டு. உயிரியல் படிக்காத டிப்ளமோவை வைத்துக்கொண்டு நீட் எழுத முடியாது. ஐ.ஐ.டி. பி.டெக்.கில் லேட்டரல் என்ட்ரி இல்லை. எந்தத் துறை என்றே இன்னும் தெரியாத பிள்ளைக்குப் பிளஸ் டூ தான் சரி. முடிவெடுக்க இரண்டு வருட அவகாசம் கிடைக்கிறது.

வீட்டுக்குச் சம்பளம் சீக்கிரம் வேண்டும் என்றால் கணக்கே வேறு. பிளஸ் டூ முடித்தவர் கையில் மார்க் ஷீட்தான் இருக்கும். டிப்ளமோ முடித்தவர் அந்தச் சான்றிதழோடு ஒரகடம், ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளில் டிரெய்னியாகச் சேரலாம், படிப்பைப் பிறகு தொடரலாம். கோவையில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பகுதிநேர பி.இ. முடித்தவர்கள் ஏராளம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் வழி அடைபடவில்லை. அவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அங்கிருந்து பி.இ.க்குப் போகலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு.

ஆகவே விண்ணப்பம் வாங்கும் முன் பிள்ளையிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். டாக்டர் ஆசை ஏதும் மனதில் இருக்கிறதா? இன்ஜினீயரிங்தான் என்பதில் உறுதியா? முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'ஆமாம்' என்றால், மார்க் 450-ஐத் தாண்டியிருந்தாலும் பாலிடெக்னிக்கில் தயங்காமல் சேர்க்கலாம். கணக்கை மட்டும் மூன்று வருடமும் விடாமல் போடச் சொல்லுங்கள்.