தம்பி லீவுக்கு வத்திராயிருப்பு வர்றான்: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அண்ணன் பார்க்க வேண்டிய கணக்கு



டிசம்பர் வந்தா நம்ம சேனல் கமெண்ட்ல ஒரே மாதிரிக் கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், தம்பி ஜெர்மனியில எம்எஸ் படிக்கிறான், முதல் தடவையா லீவுக்கு ஊருக்கு வர்றான். டிக்கெட்டை நான் போடவா, லோன்ல இருந்து எடுத்துக்கச் சொல்லவா?" சில பேருக்குத் தங்கச்சி, சில பேருக்குக் கனடா. கேள்வி மாறுறதில்ல.

டிக்கெட் விலை இதுல சின்ன விஷயம்தான். அவன் ஊர்ல இருக்கப்போற மூணு நாலு வாரத்துக்குள்ள முடிக்க வேண்டிய வேலை சிலது இருக்கு. அதுல ஒண்ணுக்கு 2025 டிசம்பர் 31 கடைசி நாளா இருந்துச்சு.

ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணிக்குவோம். நீங்க சென்னையில சம்பளக்காரர். அப்பா அம்மா வத்திராயிருப்புல. பிளவக்கல் அணைத் தண்ணியை நம்பிக் கொஞ்சம் தென்னந்தோப்பு, ஊருக்குள்ள ஒரு வீடு. தம்பி 2024 செப்டம்பர் கடைசியில கிளம்பினான். கல்விக் கடன் 20 லட்சம். அடமானம் எது? தோப்பு இல்ல, வீடு. விவசாய நிலத்தை சர்ஃபாசி சட்டத்துல பேங்க் கைவைக்க முடியாது. அதனால பெரும்பாலும் அதை அடமானமா எடுக்கவும் மாட்டாங்க. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தோப்பு வச்சிருக்கிற நிறைய வீட்ல இதே கதைதான். ஏக்கர் கணக்கா நிலம் இருந்தும் கடைசியில குடியிருக்கிற வீட்டுப் பத்திரம்தான் பேங்குக்குப் போகும். கீழே வர்ற ஒவ்வொரு கணக்குக்குப் பின்னாடியும் அந்த வீடு இருக்கு, அதை மறந்துடாதீங்க.

டிக்கெட் பணம் எங்கிருந்து?

போக வர 85,000 ரூபாய்னு வச்சுக்குவோம். லோன்ல பயணச் செலவையும் சேர்த்துத்தான் அனுமதிச்சிருப்பாங்க, அதனால "அதுலயே எடுத்துக்கோ"ன்னு சொல்லத் தோணும். வட்டி 10.5 சதவீதம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். தவணை ஆரம்பிக்க இன்னும் இரண்டரை வருஷம் இருந்தா, தனி வட்டியே 22,300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. அந்த 85,000 இப்போ 1.07 லட்சம். அதைப் பத்து வருஷத் தவணையாப் பிரிச்சா மாசம் 1,448 ரூபாய். மொத்தம் கட்டி முடிக்கும்போது 1.74 லட்சம் போயிருக்கும். டிக்கெட் விலை இரண்டு மடங்கைத் தாண்டியாச்சு.

அதனால என் அபிப்பிராயம்: டிக்கெட்டை சம்பளத்துல இருந்து போடுங்க. முடியலைன்னா தம்பியே பார்ட் டைம் வேலைப் பணத்துல போடட்டும். ஜெர்மனியில வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், ஒரு டிக்கெட்டுக்கு அது தாராளம். இரண்டுமே முடியாதுன்னா இந்த வருஷம் வராம இருக்கிறதும் ஒரு முடிவுதான். அம்மாகிட்ட இதை நான் சொன்னதா சொல்லிடாதீங்க.

இந்திய வெப்சைட்ல நீங்க ரூபாயிலேயே டிக்கெட் வாங்கினா அது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற கணக்குலயே வராது. வெறும் விமான டிக்கெட்டை 'ஓவர்சீஸ் டூர் பேக்கேஜ்'னு எடுத்துக்கக் கூடாதுன்னு 2023-லயே வருமான வரித்துறை சுற்றறிக்கை 10-ல தெளிவா சொல்லிட்டாங்க. யாராவது ஏஜென்ட் டிக்கெட்டுக்கு டிசிஎஸ் போட்டா கேள்வி கேளுங்க. மாணவர் கட்டணத்தையும் கேட்டுப் பாருங்க. ஏர் இந்தியா மாதிரி சில நிறுவனங்கள் மாணவர்களுக்குத் தள்ளுபடியும் கூடுதல் லக்கேஜும் தர்றாங்க.

இன்னொண்ணு. ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை தனி, சென்னை–மதுரை தனின்னு இரண்டு டிக்கெட்டா போட்டா ரெண்டாயிரம் மிச்சம்னு தோணும். முதல் விமானம் லேட்டானா ரெண்டாவது டிக்கெட் போச்சு, யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க. 2025 டிசம்பர் ஆரம்பத்துல இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்குல ரத்தானப்போ என்ன ஆச்சுன்னு எல்லாருமே பார்த்தோம். விமானம்னா முழுப் பயணமும் ஒரே டிக்கெட்ல இருக்கட்டும். இல்லைன்னா சென்னையில இறங்கி, ஒரு நாள் உங்க ரூம்ல தூங்கிட்டு, ராத்திரி பொதிகை ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கட்டும். ரயில் முன்பதிவு இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, பொங்கல் முடிஞ்சு திரும்புற டிக்கெட்டை மறந்துடாதீங்க.

பணம் அனுப்பும்போது காரணத்தைச் சரியா சொல்லுங்க

தம்பிக்கு யூரோவா அனுப்புறதுன்னா அது எல்ஆர்எஸ் திட்டத்துல வரும். 2025 ஏப்ரல் 1-லிருந்து ஒரு நிதியாண்டுல ஒரு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் டிசிஎஸ் கிடையாது. அதுக்கு மேல படிப்புக்குன்னா 2025-26-ல 5 சதவீதமா இருந்துச்சு. கல்விக் கடன்ல இருந்து நேரா போனா ஒண்ணுமே இல்ல. ஆனா பேங்க் ஃபார்ம்ல காரணத்தை 'குடும்பப் பராமரிப்பு'ன்னு டிக் பண்ணிட்டா? 20 சதவீதம்.

ஜெர்மனி விசாவுக்கு முடக்கக் கணக்குல ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ போடணும். அதோட சேர்த்து 2025-26-ல 12.5 லட்சம் நீங்க அனுப்பியிருந்தா, 10 லட்சத்துக்கு மேல இருக்கிற 2.5 லட்சத்துக்குப் படிப்புன்னு போட்டிருந்தா 12,500 பிடிச்சிருப்பாங்க. பராமரிப்புன்னு போட்டிருந்தா 50,000. ஒரே தம்பி, ஒரே பணம், ஒரு டிக் மார்க்தான் வித்தியாசம்.

"ஃபீஸ்தானே படிப்பு, சாப்பாட்டுக்கு அனுப்புறது பராமரிப்புதானே?"ன்னு பேங்க்லயே சொல்லுவாங்க. இல்ல. அதே சுற்றறிக்கை 10-ல ஃபீஸ், அன்றாடச் செலவு, மாணவர் ஊருக்கு வந்து போற டிக்கெட் மூணுமே படிப்புக்கான பணம்தான்னு எழுதியிருக்கு. அந்தப் பக்கத்தை போன்ல வச்சுக்கோங்க, கவுன்டர்ல காட்டலாம்.

10 லட்சம் வரம்பு ஒவ்வொரு பான் நம்பருக்கும் தனி. அப்பாவுக்கும் பான் இருந்தா பாதியை அவர் கணக்குல இருந்து அனுப்பலாம். நீங்க அப்பாவுக்குக் கொடுக்கிற பணத்துக்கு அவருக்கு வரி கிடையாது.

டிசிஎஸ் பிடிச்சாலும் அது செலவு இல்ல, உங்க வரியில கழிச்சுக்கலாம். முன்னாடி ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். 2024 அக்டோபர்ல ஃபார்ம் 12பிஏஏ-ன்னு ஒண்ணு வந்துச்சு. அதை ஆபீஸ்ல கொடுத்தா சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ஸைக் குறைச்சுடுவாங்க. நிறைய எச்ஆர் ஆட்களுக்கே இது தெரியாது, நீங்களா கேட்டு வாங்குங்க.

இங்கேயே ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிடுறேன். லோன் வட்டியை நீங்க கட்டினாலும் 80இ கழிவு உங்களுக்குக் கிடைக்காது. தன் படிப்பு, கணவன் அல்லது மனைவி, பிள்ளைங்க, சட்டப்படி நீங்க கார்டியனா இருக்கிற மாணவர், இவ்வளவுதான் பட்டியல். தம்பி தங்கச்சி அதுல இல்ல. பழைய வரி முறையில இருந்தாலும் இல்ல. அப்பா விவசாயி, அவருக்குக் கட்ட வரியே இல்லைன்னா அவருக்கும் பிரயோஜனம் இல்ல. அதனால "வட்டி கட்டினா வரி மிச்சம்"ங்கிற கணக்கை விட்டுடுங்க. நீங்க கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்துப் போட்டிருந்தா இன்னொண்ணும் இருக்கு: அந்த 20 லட்சம் உங்க சிபில் ரிப்போர்ட்லயும் நிக்கும். நாளைக்கு நீங்க வீட்டு லோன் கேட்கும்போது பேங்க் அதையும் கூட்டித்தான் பார்க்கும்.

டிசம்பர் 31

இதுதான் முக்கியமான இடம். மெதுவா படிங்க.

வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்புறவங்களுக்கு அந்த வருஷம் 182 நாள் கணக்கு. படிக்கப் போறவங்களுக்கு அந்தச் சலுகை இல்ல. தம்பி 2024 ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் இங்கதான் இருந்தான், அது 60 நாளைத் தாண்டியாச்சு. அதுக்கு முந்தின நாலு வருஷமும் இங்கேயே இருந்திருக்கான். அதனால 2024-25 நிதியாண்டுல வருமான வரிச் சட்டப்படி அவன் இந்தியவாசி. பாதி வருஷம் ஜெர்மனியில இருந்தாலும் அப்படித்தான்.

சாதாரண இந்தியவாசி ஒருத்தருக்கு வெளிநாட்டுல சொத்து இருந்தா, வருமானம் பூஜ்யமா இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். பேங்க் கணக்கும் சொத்துதான். அந்த முடக்கக் கணக்கு, சம்பளம் வாங்க அங்க திறந்த கணக்கு எல்லாம் இதுல வரும். ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 போட்டு எஃப்ஏ அட்டவணையை நிரப்பணும். அந்த அட்டவணை காலண்டர் வருஷப்படி போகும், அதாவது 2024 டிசம்பர் 31 வரைக்கும் இருந்த விவரம்.

மாணவர்கள்ல முக்கால்வாசிப் பேர் இதைப் போட்டிருக்க மாட்டாங்க. "பையனுக்கு வருமானமே இல்லையே"ன்னு விட்டிருப்பாங்க. தாமதமா ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரைக்கும் நேரம் இருந்துச்சு. வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா தாமதக் கட்டணம் 1,000 ரூபாயைத் தாண்டாது. ஜெர்மனியில பார்ட் டைம் சம்பளம் அந்த மார்ச்சுக்குள்ள வந்திருந்தா அதையும் காட்டணும்.

பயமுறுத்த விரும்பல. கறுப்புப் பணச் சட்டத்துல சொத்தைக் காட்டாததுக்கு 10 லட்சம் அபராதம்னு இருக்கிறது உண்மை. ஆனா 2024 அக்டோபர் 1-லிருந்து, வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லைன்னு மாத்திட்டாங்க. நம்ம தம்பி கணக்கு 11 லட்சம் சொச்சம்தான். இருந்தாலும் ரிட்டர்ன் போடுற கடமை அப்படியேதான் இருக்கு. ஜெர்மனி பேங்குகள் விவரத்தை இந்தியாவுக்கு அனுப்புது. 2025 நவம்பர் கடைசியில இருந்து வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாதவங்களுக்கு வரித்துறை எஸ்எம்எஸ், இமெயில் அனுப்பவும் ஆரம்பிச்சுது. தம்பியோட பழைய இந்திய சிம் ஊர்ல பீரோவுக்குள்ள கிடந்தா, அதைப் போட்டுப் பாருங்க.

2025-26-க்கு இந்தத் தலைவலி இல்ல. வெளிநாட்டுல இருக்கிற இந்தியக் குடிமகன் ஊருக்கு வந்து போறப்போ 182 நாளுக்குக் குறைவா இருக்கலாம் (இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினாத்தான் 120). ஒரு மாசம் பொங்கல் வரைக்கும் தங்கினாலும் அவன் வெளிநாட்டுவாசியாவே இருப்பான்.

பேங்க்ல அரை நாள்

ஃபெமா சட்டத்துல கதை வேற. 2003 டிசம்பர்லயே வெளிநாட்டுல படிக்கிற மாணவர்களை என்ஆர்ஐயா நடத்தணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிடுச்சு. அதனால ஊர்ல அவன் பேர்ல இருக்கிற சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓவா மாத்தணும். அவன் நேர்ல வரும்போது பாஸ்போர்ட், விசாவோட அரை நாள்ல முடியுற வேலை. ஜெர்மனியில சம்பாதிச்சதை இங்க அனுப்புறான்னா என்ஆர்இ கணக்கும் திறந்துக்கட்டும், அந்த வட்டிக்கு வரி இல்ல. பழைய பிபிஎஃப் இருந்தா முதிர்வு வரைக்கும் தொடரலாம், புதுசா திறக்கக் கூடாது. பத்திரக் கையெழுத்து, பவர் ஆஃப் அட்டர்னி ஏதாவது பாக்கி இருந்தாலும் இப்பவே முடிச்சுடுங்க. தூதரகம் வழியா பண்றது செலவும் அலைச்சலும்.

பெட்டிக்குள்ள என்ன?

2025-ல, வரும்போது 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு கஸ்டம்ஸ் வரி இல்லாம இருந்துச்சு. லேப்டாப் ஒண்ணு தனியா இலவசம். உங்களுக்காகப் புது போன் கொண்டு வந்திருந்தா அது அந்த 50,000-க்குள்ள சேர்ந்துச்சு, மிஞ்சின தொகைக்கு 38.5 சதவீதம். ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்த ஆம்பளைக்கு 20 கிராம் நகைன்னு சொல்லுவாங்க, அதோட 2025-ல இருந்த 50,000 ரூபாய் உச்சவரம்பைச் சொல்ல மாட்டாங்க. 2025 டிசம்பர் விலையில அது அரைப் பவுனுக்கே இழுத்துப் பிடிச்சுது. காசு, பிஸ்கட் இதுல வரவே வராது. துபாய், கொழும்பு வழியா மதுரை வந்தா, ஏர்போர்ட்ல யாராவது "தம்பி, இந்தப் பார்சலை மட்டும்"னு நீட்டினா வாங்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

திரும்பிப் போகும்போது அம்மா கட்டாயம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கட்டிக் கொடுப்பாங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கினதா இருந்தாலும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள வெளியிலிருந்து பால் பொருள் கொண்டு போகக் கூடாது, பிடிச்சா குப்பைக்குத்தான் போகும். தோப்புத் தேங்காய் கொண்டு போகலாம், சான்றிதழ் கேட்காத அஞ்சு பழங்கள்ல தேங்காயும் ஒண்ணு. பால்கோவாவை மட்டும் அவன் இங்க இருக்கும்போதே சாப்பிட்டு முடிச்சிடட்டும்.