'சீப்' என்ற சொல் வந்த வழி

நமது திருமுருகன்பூண்டிக் கடைகளில் அன்றாடம் காதில் விழும் கேள்வி, "இதைவிடச் சீப்பா இருக்குங்களா?" என்பது. இந்த 'சீப்' நம்மைப் போன்ற வியாபாரிகளைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

நொய்யல் கரைக் கொடுமணல் வரை வணிகத் தொடர்பு கொண்டிருந்த ரோமாபுரியில், சில்லறை வியாபாரியையும் சாவடி நடத்துபவரையும் லத்தீனில் 'கௌபோ' என்றனர். கொடுக்கல் வாங்கலில் இச்சொல் வடக்கே ஜெர்மானிய மக்களிடம் சென்றது. அவர்களின் மூலமொழியில் நூல்கள் இல்லை. கிளைமொழிகளை ஒப்பிட்டே, வணிகம் செய்தலைக் குறிக்கும் 'கௌப்' என்ற வேரை அறிஞர்கள் மீட்டுள்ளனர். ஜெர்மன் மொழியில் வாங்குதலைக் குறிக்கும் 'கௌஃபன்', வணிகர் துறைமுகம் எனப் பொருள்படும் கோபன்ஹேகன், லண்டனின் பழைய சந்தைத் தெருவான சீப்சைடு ஆகியவை அதன் வாரிசுகள்.

ஆங்கிலத்தில் 'சீப்' முதலில் வியாபாரத்தையே குறித்தது. 'குட் சீப்' என்றால் நல்ல பேரம். நாளடைவில் 'குட்' உதிர்ந்து, குறைந்த விலை என்ற பொருள் நின்றது. பிறகு மட்டச் சரக்கு என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது.

தமிழின் 'மலிவு' வேறு வழியில் வந்தது. மலிதல் என்றால் நிறைதல். வரத்து மிகுந்தால் விலை இறங்கும் என்ற சந்தை நியதி அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

மொத்தமாக வாங்கி, விலையைக் குறைத்துக் கொடுத்தால் அது மலிவு. தரத்தில் கைவைத்துக் குறைத்தால் அது வெறும் 'சீப்'. போட்டி மிகுந்த இந்நாளில் நம் கடையில் எது விற்கிறது என்பதை நாமே கவனிக்க வேண்டும்.