டேர்போ வாகனம் வாங்குமுன் ஓர் எண்ணைக் கேளுங்கள்

பரந்தன் சந்தியில் அரை மணி நேரம் நின்றால் வன்னியின் வியாபாரம் முழுவதும் கண்முன்னே ஓடும். ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் செல்லும் லொறிகள், முல்லைத்தீவிலிருந்து ஏ35 வீதியால் மீன் கொண்டுவரும் வான்கள், பூநகரிப் பக்கமிருந்து நெல் மூட்டையுடன் வரும் உழவு இயந்திரங்கள். நம்மில் பலருக்குக் கடைக்கு அடுத்த பெரிய முதலீடு வாகனம்தான். ஆனால் வாங்கும்போது ஆண்டையும் ஓடிய கிலோமீற்றரையும் கேட்கிறோமே தவிர, எஞ்சினின் அமுக்க விகிதத்தை யாரும் கேட்பதில்லை.

அது என்ன? பிஸ்டன் கீழே நிற்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தை, மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வரும் எண். 10 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்குக்குள் நெருக்கப்பட்டால் விகிதம் 10. நெருக்க நெருக்கக் காற்று சூடாகும். அதிகம் நெருக்கினால் அதே எரிபொருளில் கூடுதல் வேலை கிடைக்கும். ஆனால் எல்லை மீறினால் எஞ்சின் தாங்காது.

இதற்கு நம் வடபகுதியே சாட்சி. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருமையாகிப் போனபோது, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பழைய ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7தான். ஒக்டேன் மிகக் குறைந்த மண்ணெண்ணெயையும் அவை ஓரளவு சகித்துக்கொண்டன. விகிதம் 10, 11 என்று இருக்கும் இன்றைய பெற்றோல் காரில் அதைச் செய்தால், பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேர்வதற்கு முன்பே மிஞ்சிய எரிபொருள் தானாக வெடித்து பிஸ்டனைத் தட்டும். கராஜில் 'நொக்கிங்' என்பது அதைத்தான்.

இனி டேர்போவுக்கு வருவோம். வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. காற்று கூடினால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், சிறிய எஞ்சினும் பெரிய சுமை இழுக்கும்.

ஆனால் டேர்போ ஒருமுறை நெருக்கிய காற்றைப் பிஸ்டன் மறுபடி நெருக்குகிறது. இரண்டும் சேர்ந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டியது ஒரே எஞ்சின்தான். ஆகவே டேர்போ எஞ்சினை வடிவமைப்பவர்கள் அமுக்க விகிதத்தைக் குறைத்தே வைப்பது வழக்கம். நாம் அறிந்த 'டொல்பின்' ஹையேஸ் வானின் டேர்போ இல்லாத 3எல் டீசல் எஞ்சினில் அது 22க்குச் சற்று மேல். பிறகு வந்த கேடிஎச் வானின் 3 லீற்றர் டேர்போ எஞ்சினில் ஏறத்தாழ 18.

இதை மீறினால் என்னவாகும்? 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டேர்போ காரை விற்பனைக்கு விட்டது. விகிதத்தைக் குறைக்காமல் 10.25ஆகவே வைத்தார்கள். தட்டலைத் தடுக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பவேண்டும் என்றார்கள். வாங்கியவர்கள் பலர் நிரப்ப மறந்தார்கள். முறைப்பாடுகள் குவிந்தன. 1963உடன் அந்தக் கார் நின்றுபோனது. பல கார்களில் டேர்போவையே கழற்றிச் சாதாரண காபரேற்றர் பூட்டவேண்டியதாயிற்று.

ஆகவே, வியாபார நண்பர்களே, நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, டேர்போ இல்லாத பழைய எஞ்சினில் பழைய டேர்போ ஒன்றை வாங்கிப் பூட்டினால் இழுவை கூடும் என்று யாரேனும் சொன்னால் அவசரப்படாதீர்கள். உயர்ந்த விகிதத்துக்கு மேல் டேர்போ அழுத்தமும் ஏறினால் ஹெட் கஸ்கட்டும் பிஸ்டனும் ஆபத்துக்குள்ளாகும். மிச்சம் பிடித்த பணம் எஞ்சின் வேலையில் போய்விடும்.

இரண்டாவது, பெற்றோல் டேர்போ கார் என்றால் கையேட்டில் எந்த ஒக்டேன் சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே அடியுங்கள். புதிய டீசல் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். அதன் உயர் அழுத்தப் பம்புக்கு மசகு கொடுப்பது டீசல்தான்.

மூன்றாவது, டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அதைக் காப்பது எஞ்சின் ஒயில் மட்டுமே. ஒயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சுமையோடு நெடுந்தூரம் ஓடி வந்தால் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துங்கள்.

நான்காவது, 'கொம்ப்ரஷன் குறைந்துவிட்டது' என்று மெக்கானிக் சொல்வது வேறு. அமுக்க விகிதம் எஞ்சினுடன் பிறந்தது, தேய்வதால் பெரிதாக மாறாது. அவர் சொல்வது ரிங், வால்வு தேய்ந்து அழுத்தம் கசிவதை. பழைய வாகனம் வாங்குமுன் மீற்றர் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டேர்போ குழாய்களில் அளவுக்கு மீறிய ஒயில் இருக்கிறதா, நீலப்புகை வருகிறதா என்றும் பாருங்கள்.

அந்தச் சோதனைக்கு ஆகும் கூலி, கைமாறும் இலட்சங்களுக்கு முன் ஒன்றுமில்லை. மீன் பெட்டிகளோடு வான் நடுவழியில் நின்றால் நட்டம் எஞ்சினோடு முடியாது. ஐஸ் கரையக் கரைய அன்றைய முதலும் சேர்ந்து கரையும்.